சாதி கேட்காத கதவு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

நம் கிராமங்களில் இந்தப் பெயரைக் கேட்டிராத தாய்மார்கள் குறைவு. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்கிறோம். அதன்பின் தவணை தவணையாக வரும் மகப்பேறு உதவித் தொகை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கிறது. இந்த இருவரும் ஒரே காலத்தில், ஒரே கொடுமையை எதிர்த்து நின்றவர்கள். பெண் குழந்தைகளைச் சாமிக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கம்தான் அந்தக் கொடுமை.

முத்துலட்சுமி ரெட்டி தலித் அல்ல. அவரைப் பற்றி இந்தப் பகுதியில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பெரிய கோயில்களில் ஒழிந்த பொட்டுக்கட்டும் வழக்கம் இன்றும் மிச்சமிருப்பது பெரும்பாலும் தலித் குடியிருப்புகளில்தான். அது ஒரு காரணம். ஒரு குழந்தையைக் காப்பாற்றுவது என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டசபையிலும், தன் வீட்டு வாசலிலும் நின்று கற்றுக்கொண்டவர் அவர். அந்தப் பாடம் இன்று காவல் நிலையத்துக்கும் விடுதிக்கும் அலையும் நமக்குத் தேவைப்படுகிறது. அது இரண்டாவது காரணம்.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தில், தேவதாசி மரபில் வந்தவர். பிராமணரான தந்தை இந்தத் திருமணத்துக்காகத் தன் சுற்றத்தின் விலக்கைச் சந்தித்தார். ஆக, பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் பார்வையின் கீழேயே அந்தப் பெண் வளர்ந்தார். தாய்வழி உறவில் பெண் குழந்தைகளுக்கு என்ன நடக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்தது. முத்துலட்சுமி வீட்டிலேயே படித்துத் தேறினார். பிறகு ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்தால் மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அவருடைய தாயின் குலத்தையும் இழுத்தார்கள். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகே கதவு திறந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டராக வெளியே வந்தார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் பணியைத் தடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு நடந்த திருமணம் அது. 1925-இல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். திரும்பி வந்தபோது பொதுவாழ்வு அவரை அழைத்தது. சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபை ஒன்றில் அமர்ந்த முதல் பெண் அவர். 1927-இல் அந்தச் சபையே அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

சட்டம் இருந்தும் புகார் இல்லை

பொட்டுக்கட்டுவதைத் தடுக்க அதுவரை சட்டமே இல்லை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373 என்ற இரண்டு பிரிவுகள் இருந்தன. சிறுமியைப் பாலியல் தொழிலுக்காக விற்பதும் வாங்குவதும் அவற்றின்படி குற்றம். 1924-இல் அதற்கான வயது 16-இலிருந்து 18-ஆக உயர்த்தப்பட்டது. அத்தனையும் தாளில் இருந்தன. கோயில்களில் குழந்தைகளுக்குப் பொட்டுக் கட்டுவதும் நடந்துகொண்டே இருந்தது.

ஏன் என்று யோசிக்க வேண்டும். பொட்டுக் கட்டுபவர் பூசாரி. குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்துபவர் பெற்றவளோ வளர்த்தவளோ. பார்த்துக்கொண்டு நிற்பது ஊர். இவர்களில் யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்? குழந்தைக்கோ அது குற்றம் என்றே தெரியாது. நீதிமன்றத்துக்குப் போனாலும், இது சாமிக்குச் செய்யும் சடங்கு, எதிர்காலத்தில் அவள் என்ன ஆவாள் என்பதை இப்போதே எப்படிச் சொல்ல முடியும் என்று வாதாடித் தப்பித்தார்கள். குற்றம் நடந்து முடிந்த பிறகு தண்டிக்கும் சட்டம், நடப்பதற்கு முன் குழந்தையைக் காக்கவில்லை.

1927 நவம்பரில் முத்துலட்சுமி இந்த வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. இந்த வழக்கத்தால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று தேடினார். விடை நிலத்தில் இருந்தது.

கோயிலில் பணி செய்யும் தாசிக் குடும்பங்களுக்கு மானியமாக இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. பணி தொடர்ந்தால்தான் நிலம் தொடரும். தாய்க்கு வயதானால் மகள் அந்த இடத்துக்கு வர வேண்டும். மகள் இல்லாவிட்டால் எங்கிருந்தாவது ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டும். பொட்டுக்கட்டு நின்றால் சோறு போடும் நிலம் கையை விட்டுப் போய்விடும். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு குழந்தை தேவைப்பட்டாள்.

1929-இல் இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. கோயில் பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து அந்த நிலங்கள் விடுவிக்கப்பட்டன. நிலத்தை வைத்திருந்த பெண்களுக்கே அது சொந்தமானது. இனி நிலத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தையைப் பலி கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்ற நிலை வந்தது. பெற்றோரைத் திட்டுவதற்கு முன் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்று பார்த்ததில்தான் அவருடைய கூர்மை இருக்கிறது.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. மதமும் கலையும் அழியும் என்று பெரிய மனிதர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர்களுக்குத் தந்தை பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் பதில் சொன்னார்கள். அந்த மரபில் பிறந்து அதை உதறிவிட்டு வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். இன்னொரு பக்கம், தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினர் சங்கமாகக் கூடி, எங்கள் எல்லோரையும் ஒழுக்கமற்றவர்கள் என்று முத்திரை குத்தாதீர்கள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்ன ஆகும் என்று அரசிடம் மனு கொடுத்தார்கள். இவர்களுடைய குரலை அன்றைய சீர்திருத்தக்காரர்கள் போதிய அளவு காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதும் வரலாறுதான். யாரைக் காப்பாற்றுகிறோமோ அவர்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும் என்ற பாடத்தை நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டுகளில் குழந்தைத் திருமணத்துக்கு எதிராகவும் அவர் போராடினார். 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்றும், ஆணின் வயதை 18 என்றும் வைத்தது. பிரசவ வார்டில் சிறுமிகளைப் பார்த்த டாக்டரான அவருக்கு 14 போதவில்லை. பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்பதே அவருடைய கோரிக்கை. குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்றும் சபையில் கேட்டார்.

வாசலில் வந்து நின்ற சிறுமிகள்

1930-இல் பொட்டுக்கட்டுவதையே அடியோடு தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறுவதற்கு முன் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் துறந்தார்.

அந்தக் காலத்தில்தான் அவர் வாழ்வின் முக்கியமான நிகழ்ச்சி நடந்தது. பொட்டுக்கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று தப்பி வந்த மூன்று சிறுமிகள் அவரிடம் அடைக்கலம் கேட்டார்கள். படிக்க வேண்டும் என்றார்கள். அவர்களைச் சென்னையில் ஒரு விடுதியில் சேர்க்க முயன்றார். பிராமணப் பெண்களுக்கான விடுதி சேர்த்துக்கொள்ளவில்லை. பிராமணர் அல்லாத பெண்களுக்கான விடுதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. தாசி குலத்துப் பெண்களோடு தங்கள் பிள்ளைகள் தங்க மாட்டார்கள் என்பதே காரணம்.

கொஞ்சம் நின்று இதை யோசிப்போம். சட்டசபையில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. நிலச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சிறுமிகளும் சட்டம் சொன்னபடி துணிந்து வெளியே வந்துவிட்டார்கள். அன்று இரவு அவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. வெளியே வரச் சொன்ன சமூகம், வந்தவர்களுக்குக் கதவைச் சாத்தியது. சாத்தியதற்குக் காரணம் பிறப்பு.

முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் அவ்வை இல்லம். 1931-இல் தொடங்கப்பட்டது. சாதி பார்க்காமல், ஆதரவற்ற எந்தப் பெண் குழந்தையும் வந்து தங்கலாம், படிக்கலாம் என்று அதன் கதவு திறந்தது. பிறகு அடையாறுக்கு மாறி, பள்ளியாகவும் ஆசிரியர் பயிற்சி தரும் இடமாகவும் வளர்ந்தது. இன்றும் இயங்குகிறது.

அவர் விட்டுச் சென்ற மசோதா 17 ஆண்டுகள் காத்திருந்தது. 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவது குற்றம் ஆனது. பொட்டுக் கட்டப்பட்ட பெண் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்பதும் உறுதியானது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் தோன்றிய கனவும் நிறைவேறியது. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

நம் தெருவில் மிச்சமிருப்பது

பெரிய கோயில்களில் பொட்டுக்கட்டு நின்றது. ஆனால் ஊர்ப்புறத்துச் சிறு தெய்வங்களின் பெயரால் தலித் சிறுமிகளை நேர்ந்துவிடும் வழக்கம் அப்படி முடிந்துவிடவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரிப் பகுதியில் பசவி என்றும், தெலுங்குப் பகுதிகளில் ஜோகினி என்றும் பெயர். திருவள்ளூர், அரக்கோணம், சித்தூர் பக்கத்தில் அருந்ததியர் குடும்பங்களில் மாத்தம்மா என்று பெயர். குழந்தைக்கு நோய் வந்தால், பிழைத்தால் உனக்கே விடுகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொள்வார்கள். பக்கத்தில் மருத்துவமனை இருந்து, கையில் காசும் இருந்திருந்தால் அந்த வேண்டுதலுக்கு அவசியமே வந்திருக்காது. 2017-இல் தேசிய மனித உரிமை ஆணையம் இது குறித்துத் தமிழக, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

1929-ஆம் ஆண்டுச் சட்டம் நிலம் வைத்திருந்த பெண்களுக்கு நிலத்தைக் கொடுத்தது. மாத்தம்மாவாக விடப்பட்ட பெண்ணுக்கு மானிய நிலம் கிடையாது, அதனால் விடுவிக்கவும் ஒன்றும் இல்லை. நிலமற்றவர்களின் குழந்தைக்கு நிலச் சட்டம் எட்டவில்லை. கர்நாடகம் 1982-இலும் ஆந்திரம் 1988-இலும் தனிச் சட்டங்கள் செய்தன. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் நமக்கு முக்கியமானது. அதன் 3(1)(ட) பிரிவின்படி, அதாவது ஆங்கில வரிசையில் கே என்ற உட்பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணைத் தேவதாசியாகவோ அதைப் போன்ற வேறு முறையிலோ தெய்வத்துக்கு நேர்ந்துவிடுவதும், அதை ஊக்குவிப்பதும் வன்கொடுமைக் குற்றம். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் இதைச் செய்தாலும் தூண்டினாலும் இந்தச் சட்டம் பாயும். சட்டம் படிக்கும் நம் மாணவர்கள் இந்தப் பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

புகார், இரவு, விடுதி

முத்துலட்சுமி காலத்தில் இல்லாத பல நடைமுறைகள் இன்று இருக்கின்றன. புகார் கொடுக்க யாரும் இல்லாத நிலையை மாற்றத்தான் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஒரு கடமையை எல்லோர் மேலும் வைத்தது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். ஆசிரியரும் மருத்துவரும் விடுதிக் காப்பாளரும் இதற்கு விலக்கல்ல. பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ எழுத வேண்டும். முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எழுத வேண்டும். அப்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் எக்காரணம் கொண்டும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வீட்டில் பாதுகாப்பு இல்லாத குழந்தை எங்கே தங்குவது என்பதை அந்தக் குழு முடிவு செய்யும். குழந்தைத் திருமணம் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் தடுப்பு அதிகாரி. 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும், பெயர் சொல்லாமலும் பேசலாம்.

இவ்வளவும் எழுத்தில் இருக்கின்றன. நாங்கள் கிராமங்களில் பார்ப்பது வேறு. காலனியிலிருந்து ஒரு தாய் மகளை அழைத்துக்கொண்டு போனால், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன் எந்தத் தெரு என்று கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பஞ்சாயத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்ற யோசனை வருகிறது. கூலி வேலை கொடுப்பவரின் உறவினர்மேல் புகார் என்றால் அடுத்த நாள் வேலை இல்லை. 1860-ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் தூங்கியதோ, அதே காரணங்களுக்காக இன்றைய சட்டமும் சில ஊர்களில் கண்ணயர்கிறது.

ஆகவே முத்துலட்சுமியின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதை வேலையாகவே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், செவிலியர், அவர்களோடு இரண்டு குழந்தைப் பிரதிநிதிகளும் அதில் உண்டு. அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் நம் தெருவைச் சேர்ந்தவர் யார், நம் பிள்ளைகளில் யாராவது பிரதிநிதியா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இது ஊராட்சி செய்யும் தயவு அல்ல, நமக்குள்ள உரிமை.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். இரவில் அங்கே காவலர் இருக்கிறாரா, பெண்கள் விடுதியில் காப்பாளர் தங்குகிறாரா, 1098 எண் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா என்று பெற்றோர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் தாங்கள் தங்கிப் படித்த விடுதிக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது போய் அங்குள்ள தம்பி தங்கைகளிடம் பேச வேண்டும். பெரியவர்களிடம் சொல்லாததை அவர்கள் உங்களிடம் சொல்லக்கூடும். சொன்னால், அதை ஊருக்குச் சொல்லாமல் உரிய இடத்துக்குச் சொல்லுங்கள். குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடுவது குற்றம். அதைச் செல்போனில் யாருக்கும் அனுப்பவும் கூடாது.

அன்று அந்த மூன்று சிறுமிகளை இரண்டு விடுதிகள் திருப்பி அனுப்பின. மூன்றாவதாக ஒரு வீடு இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். நம் ஊரில் ஒரு குழந்தை இரவு பத்து மணிக்கு வீட்டைவிட்டு ஓடி வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டும்? அந்த வீடு எது என்பதை ஊரில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இன்றே தெரியப்படுத்துவோம்.